தொடாமல் அறியும் கண்ணாடி

78 வயதாகும் என் பெரியம்மா, பேரன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கண்ணாடி முகத்தில் தபால்தலை அளவில் தெரிந்த கொள்ளுப்பேரனின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆசையோடு, பழைய ரேடியோப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பழகிய பலத்தையெல்லாம் ஆள்காட்டி விரலின் நகநுனியில் திரட்டி, நாலைந்து முறை குத்திப் பார்த்தார், படம் அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பேத்தி, “பாட்டி, குத்தாதீங்க, சும்மா விரலை வையுங்க” என்று சொல்லிக்கொண்டே, தன் விரலின் சதைப்பற்றான பாகத்தை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்தாள். குழந்தையின் முகம் திரை முழுவதும் விரிந்தது. பெரியம்மா கைப்பேசியையும் சிறுமியின் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பலமா அழுத்தினா கேக்காது, ஆளைப் பார்த்துத்தான் கேக்கும்போல” என்றார்.

வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆயினும் அதைப் பற்றிக்கொண்டு சற்றே யோசித்தால், நாள்தோறும் நூறு முறை நாம் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தின் சூட்சுமம் நமக்குச் சிறிதும் தெரியாது என்பது புலனாகும். கடினமான நகத்துக்குக் கட்டுப்படாத கண்ணாடி மிருதுவான சதைக்குக் கட்டுப்படுகிறது. எழுதுகோலின் பிளாஸ்டிக் முனையால் எத்தனை கோடு இழுத்தாலும் வாளாவிருக்கும் அதே கண்ணாடி, உரித்த வாழைப்பழம் ஒன்றைக் கையில் பிடித்து அதன் நுனியால் தொட்டால் உடனே இணங்குகிறது. தோசைமாவு கரைத்த ஈரக்கையோடு தொட்டாலோ, ஒன்று சொன்னதைச் செய்ய மறுக்கிறது, அல்லது சொல்லாததையெல்லாம் செய்யத் தொடங்குகிறது.

இதற்குக் காரணமாக முதலில் மனத்தில் தோன்றுவது, திரை அழுத்தத்தை உணர்கிறது என்பது. அதைப் பெரியம்மாவின் நகமே பொய்யாக்கிவிட்டது. அடுத்துத் தோன்றுவது உடம்பின் சூடு. வாழைப்பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தெடுத்துப் பரிசோதித்தால் அந்த எண்ணமும் விழுந்துவிடும். மூன்றாவதாக, விரலுக்கும் திரைக்கும் இடையே மின்சாரம் பாய்கிறது என்று கொள்ளலாம். ஆனால் கண்ணாடியோ மின்சாரத்தைக் கடத்தாத பொருள், அதன்மேல் நாம் காசு கொடுத்து ஒட்டிவைக்கும் காப்பு உறையும் அப்படியே. போதாததற்கு, நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் திரையின்மேல் பரப்பி, தாளின்மேல் விரலை வைத்துப் பாருங்கள்: பெரும்பாலும் திரை இணங்கும். தாளைப் பல மடிப்பாக மடித்துத் தடிப்பாக்கிவிட்டால் இணங்காது. ஆகவே விரலிலிருந்து கண்ணாடியை ஊடுருவிச் செல்வது எதுவோ அது, பொருள்களின் ஓட்டமன்று. கடத்தாப் பொருள்களையும் கடந்து செல்ல வல்லது. தொலைவு கூடக்கூட மங்கிப்போவது. இவ்வளவும் ஒரு தாளையும் ஒரு பழத்தையும் கொண்டு, வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே நாம் நிச்சயித்துவிடக் கூடியவை.

பெரியம்மாவின் சார்பில் இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் செய்தது அறியாமையன்று. அவர் சற்றுத் தாமதமாக வந்தார், அவ்வளவே. அழுத்தத்தை உணரும் திரைகள் உண்மையிலேயே இருந்தன. 1970களில் அமெரிக்க விஞ்ஞானி ஸாம் ஹர்ஸ்டும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய அவ்வகைத் திரையில், மின்சாரத்தைக் கடத்தும் பூச்சுடைய இரண்டு ஏடுகள் மயிரிழை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்; மேலேட்டை அழுத்தினால் அது வளைந்து கீழேட்டைத் தொடும்; தொட்ட இடம் எது என்பது மின்தடையின் அளவிலிருந்து தெரிந்துவிடும். நகமானாலும் குச்சியானாலும் அதற்கு ஒன்றுதான். 1994ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஐபிஎம் ஸைமன் என்னும் முன்னோடிக் கைப்பேசி அவ்வகைத் திரையும் ஓர் எழுதுகுச்சியும் கொண்டதே. அந்தக் கைப்பேசி பெரியம்மாவின் கைக்குக் கிடைத்திருந்தால் பேத்தியின் உபதேசம் வேண்டியிருந்திராது.

இன்றைய கண்ணாடியின் வமிசாவளியைத் தேடிக்கொண்டு போனால், கணிப்பொறிக்கும் தொலைபேசிக்கும் வெகுகாலம் முற்பட்டு, ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில், ஒரு தண்ணீர்ப் புட்டியின் முன்னே போய் நிற்போம். 1746ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நகரத்துப் பேராசிரியர் முஸ்ஸன்ப்ரூக், உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் யந்திரத்திலிருந்து ஒரு கம்பி வழியாக அந்த மின்சாரத்தைக் கண்ணாடிப் புட்டியிலுள்ள நீருக்குள் செலுத்திச் சேமிக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். புட்டியை மின்கடத்தாப் பீடத்தின்மேல் பத்திரமாக வைத்தபோதெல்லாம் ஒன்றும் தேறவில்லை. அவருடைய பரிசோதனைசாலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த குனேயஸ் என்னும் வழக்கறிஞர், சாஸ்திர விதிகளை அறியாத காரணத்தால், புட்டியைத் தம் கையிலேயே பிடித்துக்கொண்டு அதையே செய்தார். பிறகு மற்றக் கையால் கம்பியைத் தொட்டதும் உடம்பெல்லாம் அதிரும்படியான அடி விழுந்தது. சற்று முன்னதாகவே, 1745இல், போமரேனியாவில் ஃபான் கிளைஸ்ட் என்பவரும் இதே அநுபவத்தைத் தனியே பெற்றிருந்தார்.

விதியை மீறியவருக்கு மட்டும் ஏன் மின்சாரம் சேர்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மின்னேற்றத்தில் நேர், எதிர் என இரு வகை உண்டு. மாறானவை ஒன்றையொன்று ஆகர்ஷிக்கும், ஒத்தவை ஒன்றையொன்று விலக்கும். புட்டிக்குள் நீரில் ஒரு வகை ஏற்றம் வந்து சேரச்சேர, அது கண்ணாடிக்கு அப்புறத்திலுள்ள கையின் மாறான ஏற்றத்தை இழுத்துக் கண்ணாடியோரமாக நிறுத்துகிறது; அங்கே நிற்பவை இங்கே இன்னும் பலவற்றைச் சேரவிடுகின்றன. நெருங்கிய சிநேகிதிகள் இருவர் தத்தம் கொல்லைப்புறத்தில் நின்று மதிற்சுவருக்கு இருபுறமும் பேசத் தொடங்கினால், சுவரை யாரும் தாண்டாமலே இரண்டு வீட்டுப் பெண்டிரும் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் கூடிவிடுவதில்லையா, அதைப் போன்றது இது. சுவர் மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருந்தால் கூட்டம் பெருகும். தடித்த சுவரானால் குறையும். இரண்டு கடத்திகள், நடுவே ஒரு கடத்தாப் பொருள் என்னும் இந்த அமைப்பை நம் பாடநூல்கள் மின்தேக்கி என்கின்றன. இலங்கைத் தமிழர் கொள்ளளவி என்பார்கள். அது எவ்வளவு ஏற்றத்தைத் தேக்கும் என்னும் தகுதி மின்தேக்குதிறன். ஏரியையும் மதகையும் நினைவூட்டும் ‘தேக்கி’ என்ற சொல்லே எனக்கு மனத்துக்கு இசைந்தது.

கவனிக்க வேண்டியது இது: சரித்திரத்தின் முதல் மின்தேக்கியில், கண்ணாடிக்கு வெளிப்புறத்துத் தகடாக இருந்தது மனிதனுடைய கை. நம் உடம்பு உப்புநீரைத் தோலால் போர்த்திய ஒரு பை. ஆதலால் அது ஒரு நல்ல கடத்தி. அதே 1746இல் பிரெஞ்சு தேசத்து நொல்லே பாதிரியார், பதினைந்தாம் லூயி மன்னரின் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, கடைசி இருவரைக் கொண்டு லெய்டன் புட்டியைத் தொடச் செய்து, அத்தனை பேரையும் ஒரே நொடியில் துள்ளவைத்து மன்னருக்கு வேடிக்கை காட்டினார். உடம்பின் கடத்தும் தன்மைக்கு இதைவிட விமரிசையான நிரூபணம் வேண்டியதில்லை. வேண்டினாலும் வீரர்கள் மறுபடி இசைந்திரார்கள்.

சுவரின் தடிப்பு மட்டுமன்றி, அது எதனால் ஆனது என்பதும் முக்கியம் என்று நிலைநாட்டியவர் மைக்கேல் ஃபாரடே. 1837 வாக்கில் அவர் ஒரே அளவான இரண்டு கருவிகள் செய்துகொண்டார்: ஒவ்வொன்றும் பித்தளைக் கோளத்துக்குள் மற்றொரு சிறு கோளம், நடுவே காற்று. ஒன்றுக்கு மின்னேற்றி, அதை மற்றொன்றுடன் பங்கிட்டுக்கொள்ளச் செய்தால், சம அளவான இரண்டு குடங்களை அடியில் குழாயால் இணைத்தபோது நீர் பாதி பாதியாகப் பிரிவதைப் போல, ஏற்றமும் சரிபாதியாகப் பிரிந்தது. பிறகு ஒரு கருவியின் இடைவெளியில் ஒரு பகுதியை அரக்கினால் நிரப்பிவிட்டுப் பங்கிடச் செய்தார். பங்கு சமமாக வரவில்லை. அரக்கு இருந்த கருவி அதிகமாக எடுத்துக்கொண்டது. கந்தகத்துக்கும் கண்ணாடிக்கும் வெவ்வேறு கணக்கு வந்தது. ஆகவே கடத்தாப் பொருள் என்பது சும்மா நின்றுகொண்டிருக்கும் சுவரன்று. தன்னூடே செல்லும் மின்கவர்ச்சியை ஏந்திப் பெருக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. ஓர் ஏற்றத்தின் செல்வாக்கு பரவி நிற்கும் அந்த வெளியைத்தான் மின்புலம் என்கிறோம். இதே உண்மையை ஹென்றி காவென்டிஷ் என்னும் ஆங்கிலப் பிரபு பல பத்தாண்டுகளுக்கு முன்பே அளந்து குறித்துவைத்திருந்தார். யாரிடமும் பேசக் கூசும் சுபாவமுடையவராதலால் வெளியிடாமல் விட்டுவிட்டார். அவருடைய ஏடுகள் 1879இல்தான் மாக்ஸ்வெல்லின் முயற்சியால் அச்சேறின. ஃபாரடேயின் அரக்கை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். ஈரக்கையின் விஷயத்தில் அது மீண்டும் வரும்.

கை தொடக்கூட வேண்டியதில்லை, அருகே வந்தாலே போதும் என்பதைக் காதால் கேட்கச் செய்தவர் ரஷ்ய நாட்டு லெவ் தெரெமின். 1920 வாக்கில் அவர் செய்த இசைக்கருவியில் தந்தியும் இல்லை, கட்டையும் இல்லை. நிமிர்ந்து நிற்கும் ஓர் உலோகக் கம்பியும் ஒரு வளையமும்தான். அவற்றுக்கு அருகே வெறும் காற்றில் கையை முன்னும் பின்னும் அசைக்க, கைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள மின்தேக்குதிறன் மாறி, சுருதி ஏறி இறங்கும். நம் கைப்பேசித் திரையும் சித்தாந்த அளவில் அந்த வாத்தியந்தான். சுருதியை ஒலியாக வெளியிடாமல் எண்ணாகக் கணக்கெழுதி வைத்துக்கொள்கிறது.

இனித் திரைக்குள் நுழைவோம். கண்ணாடியின் அடியில், நெசவுத் தறியின் பாவும் ஊடையும் போல, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரண்டு அடுக்குக் கடத்திக் கோடுகள் பரந்து கிடக்கின்றன. துணியில் பாவும் ஊடையும் தொட்டுக்கொள்ளும். இங்கே தொடுவதில்லை, இரண்டுக்கும் நடுவே மெல்லிய கடத்தாப் பொருள் உண்டு. ஆகவே குறுக்கிடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்தேக்கி. நான்கைந்து மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ஒரு கைப்பேசியில் இப்படிச் சில நூறு மின்தேக்கிகள் இருக்கும்.

இந்தக் கோடுகள் நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? ஒளி புகும் பொருள்கள் பொதுவாக மின்சாரம் கடத்துவதில்லை. மின்சாரம் கடத்தும் செம்பும் வெள்ளியும் ஒளியைத் திருப்பி அடித்துவிடுகின்றன. உலோகத்தில் விடுதலையாகத் திரியும் எலெக்ட்ரான்களின் நெரிசல் அத்தகையது; தேர்த்திருநாள் கூட்டம்போல உள்ளே நுழைய வரும் ஒளியை எதிர்த்துத் தள்ளிவிடும். இண்டியம் ஆக்ஸைடோடு சிறிதளவு வெள்ளீய ஆக்ஸைடைக் கலந்து மிக மெல்லிய பூச்சாக இட்டால், எலெக்ட்ரான் கூட்டம் மின்சாரத்தைச் சுமக்கப் போதுமானதாகவும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் தடுக்கப் போதாததாகவும் அமைகிறது. அகச்சிவப்புக் கதிர்களை மட்டும் அது திருப்பிவிடும். பெரும்பாலான தொடுதிரைகளில் இந்த நடுத்தரக் கூட்டத்தைத்தான் நம்பியிருக்கிறோம். இண்டியத்தின் கதையும் சுவையானது. 1863இல் ஜெர்மானிய நகரமாகிய ஃப்ரைபெர்கில், ரைஷ் என்ற பேராசிரியர் துத்தநாகத் தாதுவில் ஒரு புதுப் பொருள் இருக்குமென்று ஐயுற்று, அதை எரித்து நிறமாலையில் சோதிக்க விரும்பினார், அவருக்கோ நிறக்குருடு. தம் உதவியாளர் ரிக்டரைப் பார்க்கச் சொன்னார். அதுவரை எந்தத் தனிமமும் காட்டாத ஓர் அவுரி நீலக் கோட்டை ரிக்டர் கண்டார். அந்த நீலத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயரோ ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்று பொருள்படுவது. தென்னார்க்காட்டுச் சீமையில் அவுரி விளைந்து கப்பலேறிய காலம் ஒன்று உண்டல்லவா? அப்படியாக, பெரியம்மா குத்திய கண்ணாடியின் அடியில் நம் நாட்டின் பெயர் ஒரு மெல்லிய பூச்சாகக் கிடக்கிறது.

பாவுக் கோடுகள் ஒவ்வொன்றிலும் முறைவைத்து ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பி, ஊடைக் கோடுகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பதே திரையின் ஓயாத வேலை. இதை விளங்கிக்கொள்ள ஓர் அக்கிரமக்காரப் பூனையைத் துணைக்கு அழைக்கிறேன். ஒவ்வொரு தெருமுனையிலும் பால்காரர் ஒருவர் ஓர் ஆழாக்குப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றிவைத்துப் போகிறார். சற்றைக்கெல்லாம் கணக்கர் ஒருவர் வந்து அளந்து எழுதிக்கொள்கிறார். எல்லா முனையிலும் அளவு சரியாக இருந்தால் செய்தி ஒன்றுமில்லை. ஏதோ ஒரு முனையில் கால்வாசி குறைந்தால், பூனை அங்கே வந்திருக்கிறது. பூனையைக் கணக்கர் கண்டதேயில்லை. காண வேண்டிய அவசியமும் இல்லை. விரல் செய்வது இந்தப் பூனையின் காரியந்தான்: பாவிலிருந்து கிளம்பிக் கண்ணாடியின் மேற்புறம் வரை வளைந்து எழுந்து ஊடைக்கு இறங்கும் மின்புலத்தில் ஒரு பகுதியைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது, ஊடைக்குப் போய்ச் சேரவேண்டியது குறைகிறது. திரைக்குத் தெரிவது அந்தக் குறைவு ஒன்றே. தொடுதிரை என்று பெயர் சூட்டியிருக்கிறோமே தவிர, ஸ்பரிசம் என்பதை அது அறியவே அறியாது.

திருடப்படும் பாலின் அளவைக் கேட்டால் வியப்பு உண்டாகும். மின்தேக்குதிறனை ஃபாரடேயின் பெயரால் ஃபாரட் என்ற அலகில் அளக்கிறார்கள். அதை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்தால் அது பிக்கோஃபாரட். திரையின் முனை ஒவ்வொன்றும் ஏறத்தாழ அந்த அளவினது. விரல் குறைப்பது அதிலும் ஒரு சிறு பின்னம். மனித உடம்பு நிலத்தை நோக்க ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் தேக்கும். அதனால்தான் விரலுக்குப் பின்னால் உள்ள உடம்பு, எத்தனை வாங்கினாலும் நிரம்பாத வயிறாக விளங்குகிறது. ஒரு ரூபாய் நாணயத்தைத் தனியே திரையின்மேல் போட்டால் திரை பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தாது. நாணயத்தின்மேல் விரலை வைத்தால் கவனிக்கும். நாணயமும் கடத்திதான், ஆனால் அதற்கு வயிறு இல்லை. நகத்துக்கோ வாயே இல்லை. அது கடத்தாப் பொருள், அதற்கு அடியிலுள்ள சதை கண்ணாடியிலிருந்து விலகி நிற்கிறது. கைப்பேசியைக் கையில் பிடித்திருக்கும்போது நன்றாக இணங்கும் திரை, மெத்தையின்மேல் போட்டுவிட்டு ஒற்றை விரலால் தொடும்போது சிலசமயம் சுணங்குவதும் இதனால்தான்: பிடித்திருக்கும் கைவழியாகக் கைப்பேசிக்கும் உடம்புக்கும் ஏற்படும் உறவு அப்போது அற்றுவிடுகிறது.

ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு முனைதான் உண்டென்றால், அதைவிடப் பன்மடங்கு நுட்பமாக விரலின் இடத்தை எப்படி அறிய முடிகிறது என்று கேட்கலாம். விரல்நுனி ஒரே முனையின்மேல் மட்டும் படிவதில்லை. அக்கம்பக்கத்து முனைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் குடித்துவைக்கிறது. இங்கே அதிகமும் அங்கே கொஞ்சமுமாகக் குறைந்திருந்தால், பூனை இந்த முனைக்கு அருகிலும் அந்தப் பக்கம் சற்றே சாய்ந்தும் உட்கார்ந்திருந்தது என்று ஊகிக்கலாம். குறைவுகளை எடையாகக் கொண்டு துலாக்கோலின் நடுப்புள்ளியைக் காண்பதுபோலக் கணக்கிட்டால், இரண்டு முனைகளுக்கு இடையிலுள்ள இடமும் மில்லிமீட்டரின் பின்னங்களில் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு முழுவதும் நொடிக்கு 60 முறைக்குக் குறையாமல், பல கைப்பேசிகளில் 120 முறையும் அதற்கு மேலும், நாம் தொட்டாலும் தொடாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு விரல்களைக் கிள்ளுவதுபோல் விரித்துப் படத்தைப் பெரிதாக்குகிறோமே, அதற்கு முனைதோறும் தனித்தனியே அளப்பது இன்றியமையாதது. தெருவுக்கு ஒரு மொத்தக் கணக்கு மட்டும் எடுக்கும் எளிய முறையும் உண்டு. அதில் இரண்டு பூனைகள் வந்தால், கிழக்கு மேற்கில் இரண்டு தெருக்களிலும் தெற்கு வடக்கில் இரண்டு தெருக்களிலும் பால் குறைந்தது என்று தெரியும். அந்த நான்கு தெருக்களும் கூடும் முனைகளோ நான்கு. எந்த இரண்டில் பூனை உண்மை, எந்த இரண்டில் மாயை? கணக்கர் விழிப்பார்.

கண்ணாடிமேல் விரலை வைத்து யந்திரத்துக்குக் கட்டளையிடும் யோசனை கைப்பேசிக்காகப் பிறந்ததன்று. 1965இல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரிலுள்ள அரச ராடார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்ஸன், ஆகாய விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்குப் பயன்படுமென்று மின்தேக்குத் தொடுதிரை ஒன்றை விவரித்து எழுதினார். 1970களின் தொடக்கத்தில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கழகத்தில் ஒரு பெரிய புரோட்டான் யந்திரம் எழும்பிக்கொண்டிருந்தது; அதை வழக்கப்படி இயக்குவதானால் ஆயிரக்கணக்கான பொத்தான்களும் திருகுகளும் சுவரெல்லாம் நிறைந்துவிடும் என்ற நிலையில், ஃப்ராங்க் பெக், டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஸ்டும்பே என்னும் இருவர், சமயத்துக்கேற்பப் பெயர் மாறும் பதினாறே பொத்தான்களைக் கண்ணாடித் திரையில் அமைத்துக் காரியத்தை முடித்தார்கள். கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய செப்புக் கோடுகளே அதன் மின்தேக்கிகள். பல விரல்களை ஒருசேர அறியும் கலையைப் பக்குவப்படுத்தியவர்களில் ஒருவர் டெலவேர் சர்வகலாசாலை மாணவராயிருந்த வெய்ன் வெஸ்டர்மன். விசைப்பலகையைத் தட்டித் தட்டிக் கைநோவு கண்டவர் அவர். அழுத்த வேண்டாத விசைப்பலகையைத் தேடித் தம் பேராசிரியர் எலையஸுடன் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனத்தை ஆப்பிள் 2005இல் வாங்கிக்கொண்டது. 2007இல் ஐபோன் வெளிவந்தது. மின்தேக்குத் திரையுள்ள கைப்பேசியில் எல்ஜி நிறுவனத்தின் பிராடா அதற்குச் சற்று முந்தியது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணாடியின் பெருமை. ஆனால் வந்து சேரும் எண்களில் எது விரல், எது விரலன்று என்று தீர்ப்புச் சொல்வது மென்பொருள். என் மதிப்பில் உண்மையான சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. பகல்வெயிலில் கண்ணாடி சூடேறினால் எல்லா முனைகளின் அளவும் மெல்ல நகரும். அதை மென்பொருள் உடனுக்குடன் வழக்கமான நிலை என்று திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். கன்னம் படிந்தால் பெரிய வட்டம், உள்ளங்கை பட்டால் கோணல்மாணலான தீவு. இவற்றை ஒதுக்க வேண்டும். சென்ற நொடிக்கூற்றில் இங்கே இருந்த விரலும் இப்போது அங்கே இருக்கும் விரலும் ஒன்றுதானா என்றும் நிச்சயிக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே, திரைக்கு அடியிலேயே படம் காட்டும் மின்சுற்றுகள் ஓயாமல் இரைச்சலிட்டுக்கொண்டிருக்கின்றன.

இரைச்சலின் வலிமையை ஒருமுறை நேரில் அநுபவித்தேன். வெளியூர்ப் பேருந்து நிலையம் ஒன்றில், தேநீர்க்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய சார்ஜரில் கைப்பேசியைச் செருகிக்கொண்டு கடிதம் எழுத ஆரம்பித்தேன். ‘ந’வைத் தொட்டால் ‘ம’வும் ‘ப’வும் தாமாக வந்து விழுந்தன, நான் எழுதாத வார்த்தை ஒன்று என் சிநேகிதருக்குப் போயும் சேர்ந்துவிட்டது. செருகியைப் பிடுங்கினேன், திரை சாதுவாகிவிட்டது. மீண்டும் செருகினேன், பேய் திரும்பியது. மூன்று முறை இப்படிச் செய்து பார்த்த பிறகு காரணம் விளங்கிற்று. மட்டமான சார்ஜர், கைப்பேசியின் மின்னழுத்தம் முழுவதையுமே நிலத்தை நோக்க வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தது. நிலத்தோடு உறவுகொண்ட என் விரலோ அசையாமல் இருந்தது. படகில் இருப்பவனுக்குக் கரை ஆடுவதாகத் தோன்றுவதுபோல், கைப்பேசியின் கண்ணுக்கு என் விரல் தாண்டவமாடுவதாகத் தோன்றியிருக்கிறது. நல்ல சார்ஜர்களில் இந்த ஆட்டத்தை அடக்கும் பாகங்கள் இருக்கும். நல்ல மென்பொருளும், இரைச்சல் மிகுந்த அதிர்வெண்ணை விட்டு வேறொன்றுக்கு மாறித் தன் துடிப்புகளை அனுப்பித் தப்பிக்கப் பார்க்கும்.

ஈரக்கையின் விஷயம் பாக்கி. நீர் மின்புலத்தை ஏந்துவதில் காற்றைவிட ஏறத்தாழ 80 மடங்கு வல்லது. கண்ணாடி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தனியே நிற்கும் நீர்த்துளி ஒன்று முனையின்மேல் விழுந்தால், ஃபாரடேயின் அரக்கைப் போல, பாவிலிருந்து ஊடைக்குச் செல்வதை அது கூட்டிவிடுகிறது: பூனை குடித்துக் குறைய வேண்டிய இடத்தில் பால் பெருகி நிற்கிறது. அருகே விரலும் வந்தால் குறைவும் மிகுதியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, திரை மௌனமாகிறது. நீர் படலமாகப் பரவி விரலோடு இணைந்துவிட்டாலோ, அந்தப் படலம் முழுவதுமே விரலாகிவிடுகிறது. திரைக்கு விரல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாமல், சொல்லாததைச் செய்கிறது. முனைக்கணக்கையும் தெருக்கணக்கையும் மாற்றி மாற்றி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் திரைகள் நீருக்கும் விரலுக்கும் உள்ள பேதத்தை ஓரளவு கண்டுகொள்கின்றன. அடைமழையில் அவையும் தோற்கும்.

இவ்வளவையும் பெரியம்மாவிடம் பூனையை முன்வைத்துச் சொன்னேன்; பொறுமையாகக் கேட்டார். பிறகு நகத்தை விலக்கி, ஆள்காட்டி விரலின் சதையைத் திரையில் வைத்தார். அப்போதும் அரைமனத்தோடுதான் இணங்கிற்று. அறுபது வருஷம் அரிவாள்மணையோடும் சூடான பாத்திரங்களோடும் பழகிய அந்த விரலின் தோல் தடித்து, உலர்ந்து, காய்த்துப்போயிருந்தது. கண்ணாடிக்கும் சதைக்கும் நடுவே அதுவும் ஒரு மடித்த தாள். சற்று நேரம் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், குங்குமச் சிமிழில் தோய்த்து நெற்றியில் வைக்கும் மோதிர விரலை எடுத்து, பொட்டு வைப்பதுபோலவே லேசாக வைத்தார். படம் விரிந்தது.